கடல்நீர் ஆலையின் கழிவை வைத்து சாக்கடையிலிருந்து உரம் எடுக்க முடியுமா? சென்னைக்கு ஒரு கணக்கு

சென்னையில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களும் ஒரே வாரியத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. ஆலைகளிலிருந்து உப்பு அடர்ந்த நீர் கடலுக்குத் திரும்பிப் போகிறது. சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வெளியேறும் நீரில் பயிருக்கு வேண்டிய சத்து இன்னும் மிச்சம் இருக்கிறது. அது ஆறு, கால்வாய் வழியாக அதே கடலுக்குப் போகிறது.

இந்த இரண்டு கழிவையும் சேர்த்தால் உரம் கிடைக்கும் என்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்டவுடனே "அட, செம ஐடியாவா இருக்கே! உப்புக்கழிவு பிரச்னையும் தீரும், உரமும் கிடைக்கும்" என்று தோன்றும். இதில் பாதி உண்மை. மறு பாதியை நம்பி இறங்கினால், நல்ல திட்டம் ஒன்று தப்பான காரணத்துக்காகத் தொடங்கப்பட்டு, அதே காரணத்தால் கைவிடப்படும். எந்தப் பாதி உண்மை என்று கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில், பாஸ்பரஸைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்?

பயிருக்கு முக்கியமாக வேண்டியவை மூன்று சத்துகள்: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. தழைச்சத்து என்பது நைட்ரஜன். அதைக் காற்றிலிருந்தே எடுக்கலாம், எரிசக்தி மட்டும் நிறைய செலவாகும். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். அதைக் காற்றிலிருந்து எடுக்க வழியில்லை, பாறையைத்தான் தோண்ட வேண்டும்.

அந்தப் பாறை எல்லா நாட்டிலும் இல்லை. மேற்கு சகாராவையும் சேர்த்துப் பார்த்தால், உலகின் பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ 70% மொராக்கோவின் கையில் இருக்கிறது. ராஜஸ்தானிலும் மத்தியப் பிரதேசத்திலும் கொஞ்சம் கிடைத்தாலும், நமக்கு வேண்டியதில் பெரும்பகுதி வெளியிலிருந்துதான் வருகிறது. சில நேரம் பாறையாக, சில நேரம் பாஸ்பாரிக் அமிலமாக, சில நேரம் நேரடியாக டி.ஏ.பி. மூட்டையாக.

இதன் விலையை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் சர்வதேசச் சந்தையில் விலை எகிறியபோது, ஒரு டி.ஏ.பி. மூட்டையின் உண்மை விலை 2,400 ரூபாயைத் தொட்டது. விவசாயி 1,200 ரூபாய்க்கே வாங்கட்டும் என்று மத்திய அரசு மானியத்தை ஒரு மூட்டைக்கு 500-லிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தியது. அதாவது, மூட்டையின் பாதி விலை நம் வரிப்பணம். அதே ஆண்டின் பிற்பகுதியில் சீனா உர ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் நெருக்கடி இன்னும் கூடியது.

இவ்வளவு செலவு செய்து கொண்டுவரும் பாஸ்பரஸ் நெல்லுக்குள்ளும் பருப்புக்குள்ளும் போகிறது. அதை நாம் சாப்பிடுகிறோம். உடம்பு எடுத்துக்கொண்டதுபோக மிச்சம் கழிப்பறைக்குப் போகிறது. பெரியவர்களின் உடம்பில் புதிதாகச் சேர்வது அநேகமாக எதுவுமில்லை. சாப்பிடும் பாஸ்பரஸ் முழுக்கக் கிட்டத்தட்ட அப்படியே வெளியே போய்விடுகிறது. மொராக்கோவில் தோண்டிய பாறை, சென்னையில் ஒரு ஃப்ளஷ்ஷோடு முடிகிறது.

உண்மையில் அங்கேயும் முடிவதில்லை. அதே சத்துதான் நீர்நிலையில் ஆகாயத்தாமரையையும் பாசியையும் வளர்க்கிறது. வயலில் காசு கொடுத்துப் போடும் உரத்தை நாம் ஆற்றுக்கு இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஸ்ட்ரூவைட்: குழாயை அடைக்கும் உரம்

கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸைத் திரும்ப எடுக்க ஏற்கெனவே தெரிந்த ஒரு வழி ஸ்ட்ரூவைட். பேர்தான் புதுசு, சமாச்சாரம் பழசு. மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் சேர்ந்து உருவாகும் வெள்ளைப் படிகம் இது. நீர் கொஞ்சம் காரத்தன்மையோடு, அதாவது பி.எச். 8.5-க்கு மேல், இருந்தால் தானாகவே படியும்.

1845-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இதை முதன்முதலில் அடையாளம் கண்டார்கள். பாஸ்பரஸ் என்ற தனிமத்தையே 1669-ல் ஹென்னிக் பிராண்ட் கண்டுபிடித்ததும் அதே ஊரில்தான். அவர் அதை எடுத்தது எதிலிருந்து தெரியுமா? சிறுநீரிலிருந்து!

சுத்திகரிப்பு நிலையப் பொறியாளர்களுக்கு ஸ்ட்ரூவைட் முதலில் அறிமுகமானது வில்லனாகத்தான். கசடைக் காற்றில்லாத தொட்டியில் செரிக்கவிட்டு பயோகேஸ் எடுப்பார்கள் இல்லையா? அந்தச் செரிமானத்தில் அம்மோனியாவும் பாஸ்பேட்டும் நீரில் கரைந்து வெளியே வரும். அந்த நீர் போகும் குழாய்க்குள் கல்லு மாதிரி ஸ்ட்ரூவைட் படிந்துவிடும். லாஸ் ஏஞ்சலிஸின் ஹைப்பீரியன் நிலையம் 1960-களிலேயே இதனால் அவதிப்பட்டது.

பிறகுதான் யோசனை மாறியது. குழாய்க்குள் தன் இஷ்டத்துக்குப் படிவதை, தனியாக ஒரு தொட்டியில் நாமே படியவைத்தால்? அடைப்பும் குறையும், கையில் உரமும் மிஞ்சும். ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில் 1990-களின் இறுதியிலிருந்தே இப்படி எடுத்து உர நிறுவனங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் உள்ள டர்ஹாம் நிலையத்தில் 2009-ல் ஆஸ்டாரா நிறுவனத்தின் தொழில்நுட்பம் வணிகரீதியாக வந்தது. 2016-ல் சிகாகோவின் பிரம்மாண்டமான ஸ்டிக்னி நிலையமும் சேர்ந்துகொண்டது. ஆக, ஆய்வகத்தோடு நின்றுவிட்ட விஷயம் இல்லை இது.

அப்புறம் கடல்நீர் ஆலை எதற்கு?

படிகத்துக்கு வேண்டிய மூன்று பொருட்களில் இரண்டு, அம்மோனியமும் பாஸ்பேட்டும், கசடிலிருந்து பிரியும் நீரிலேயே இருக்கின்றன. மூன்றாவதான மெக்னீசியம்தான் பற்றாக்குறை. அதை மெக்னீசியம் குளோரைடாகவோ ஹைட்ராக்சைடாகவோ காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டும். இந்த முறையில் ரசாயனச் செலவின் முக்கியமான பகுதி இதுதான்.

மெக்னீசியம் எங்கே கொட்டிக்கிடக்கிறது? கடலில். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் இருக்கிறது. தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரின் கசப்புக்குக் காரணமே மெக்னீசியம் உப்புகள்தான்.

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, தான் உறிஞ்சும் நீரில் சுமார் 40–45 சதவீதத்தை நல்ல தண்ணீராகப் பிரித்துக்கொள்கிறது. கடல்நீரின் உப்பு, மெக்னீசியம் எல்லாம் மிச்ச நீரில் அடர்ந்து நிற்கும். இந்த மிச்ச நீரைத்தான் 'பிரைன்' என்கிறார்கள். அதில் லிட்டருக்கு 2.3 கிராம் அளவுக்கு மெக்னீசியம் இருக்கும். தவிர, அந்த நீர் ஏற்கெனவே வடிகட்டப்பட்டது. ஜப்பானின் கிட்டாக்யூஷுவில் நேரடியாகக் கடல்நீரையே மெக்னீசியத்துக்காகப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். பிரைன் அதைவிட அடர்த்தியானது, அவ்ளோதான் வித்தியாசம்.

சரி, சென்னைக்குக் கணக்கு போடுவோம்

சென்னைக்கு 2010-ல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியிலும், 2013-ல் நெம்மேலியிலும் தலா 10 கோடி லிட்டர் ஆலை வந்தது. 2024-ல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி லிட்டர். அதற்குப் பக்கத்திலேயே பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்ட்டில் அடிக்கல் நாட்டினார்கள். எல்லாமே தினசரி அளவு. 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்ததைப் பார்த்த ஊர் இது. கடலை நம்புவதை இனி நிறுத்தாது.

கணக்குக்கு ஒரே ஒரு 10 கோடி லிட்டர் ஆலையை எடுத்துக்கொள்வோம். 45% தண்ணீர் கிடைக்கிறது என்றால், அது வெளியேற்றும் பிரைன் தினமும் சுமார் 12 கோடி லிட்டர். அதிலுள்ள மெக்னீசியம் ஏறத்தாழ 280 டன்.

இன்னொரு பக்கம், தினமும் 10 கோடி லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஒரு நிலையம். லிட்டருக்கு 6 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்று வைத்தால், ஒரு நாளைக்கு 600 கிலோ. இதில் முழுவதையும் ஸ்ட்ரூவைட்டாகப் பிடிக்க முடியாது. கசடிலிருந்து பிரியும் நீரில் வருவதை மட்டும்தான் பிடிக்க முடியும். கால்வாசி கிடைக்கிறது என்று வைப்போம். 150 கிலோ பாஸ்பரஸ்.

இதற்குக் கொஞ்சம் தாராளமாகவே மெக்னீசியம் போட்டாலும் தினமும் 150 கிலோ சொச்சம் போதும். அது சுமார் 66,000 லிட்டர் பிரைனில் கிடைத்துவிடும். சென்னைக்காரர்களுக்குப் புரிகிற அளவில் சொன்னால், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஆறு.

12 கோடி லிட்டரில் ஆறு லாரி! ஏறக்குறைய 1,900-ல் ஒரு பங்கு. மிச்ச பிரைன் முழுக்க வழக்கம்போலக் கடலுக்குத்தான் போகும். அதாவது, 'உப்புக்கழிவு பிரச்னைக்குத் தீர்வு' என்று இதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிரைன் கலக்கும் கடலோரத்தில் மீன்வளம் என்ன ஆகும் என்று கேட்கும் மீனவர்களுக்கு இந்தத் திட்டத்தில் பதில் கிடையாது. அவர்களுடைய கேள்விக்குத் தனியாகத்தான் பதில் சொல்ல வேண்டும். அதை இதை வைத்து மூடிவிடக் கூடாது.

இப்போது மறு பக்கம். 150 கிலோ பாஸ்பரஸிலிருந்து கிடைக்கும் ஸ்ட்ரூவைட் சுமார் 1,200 கிலோ. 50 கிலோ மூட்டையில் 24 மூட்டை. மணிச்சத்து அளவில் பார்த்தால் இது சுமார் 15 டி.ஏ.பி. மூட்டைக்குச் சமம். கூடவே கொஞ்சம் தழைச்சத்தும் மெக்னீசியமும் இருக்கும்.

"வெறும் 15 மூட்டையா?" என்று தோன்றலாம். நெல்லுக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. அடியுரம் என்று வைத்தால், இது தினமும் 15 ஏக்கருக்கான மணிச்சத்து. வருஷத்துக்கு ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். ஒரே ஒரு நிலையத்திலிருந்து! நாட்டின் உர இறக்குமதியை இது நிறுத்தாது. ஆனால், ஒரு வட்டாரத்தின் மணிச்சத்துத் தேவையில் குறிப்பிடத்தக்க பங்கை, கப்பலுக்குக் காத்திருக்காமல், உள்ளூரிலேயே கொடுக்கும்.

எங்கே இடிக்கும்?

பேப்பரில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். நடைமுறையில் நான்கு இடத்தில் இடிக்கும்.

ஒன்று, கால்சியம். பிரைனில் மெக்னீசியத்தோடு கால்சியமும் இருக்கிறது. அதுவும் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளப் போட்டி போடும். ஸ்ட்ரூவைட்டுக்குப் பதில் கால்சியம் பாஸ்பேட் கலந்த, தரம் குறைந்த தூள் வரும். மெக்னீசியத்தை மட்டும் முன்கூட்டியே பிரித்தெடுக்க வழிகள் உண்டு. ஆனால் அதற்குத் தனிச் செலவு ஆகும்.

இரண்டு, உப்பு. ஆறு லாரி பிரைனோடு தினமும் சுமார் நான்கு டன் உப்பும் சேர்ந்து வரும். அது சுத்திகரிப்பு நிலையத்தின் நீரில் கலந்தால் லிட்டருக்கு சுமார் 40 மில்லிகிராம் கூடும். பெரிய அளவு இல்லைதான். ஆனால் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சுத்திகரித்த நீரை மறுபடி சவ்வு வழியாக வடிகட்டி ஸ்ரீபெரும்புதூர், மணலி பக்கம் உள்ள தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மில்லிகிராம் உப்பும் மின்சாரச் செலவு. உரப் படிகத்தையும் நன்றாகக் கழுவி உலர்த்தினால்தான் வயலுக்கு உப்பு போகாது.

மூன்று, தூரம். நெம்மேலியிலிருந்து பெருங்குடி சுத்திகரிப்பு நிலையம் சுமார் 30 கி.மீ. காட்டுப்பள்ளியிலிருந்து கொடுங்கையூர் 20 கி.மீ.க்குச் சற்று மேல். லாரியில் கொண்டுபோனால் டீசல் செலவு, கடையில் வாங்கும் மெக்னீசியம் உப்பின் விலையைத் தாண்டிவிடக் கூடாது. கணக்கு உதைத்தால், பிரைனை அப்படியே ஏற்றாமல் ஆலையிலேயே மெக்னீசியத்தைப் பிரித்துத் தூளாகக் கொண்டுபோக வேண்டும்.

நான்கு, மண். ஸ்ட்ரூவைட் தண்ணீரில் சட்டென்று கரையாது. மெதுவாகச் சத்தை விடும். மழையில் அடித்துக்கொண்டு போகாது என்பது இதன் பலம். ஆனால் அமில மண்ணில் இது நன்றாக வேலை செய்யும் அளவுக்குக் காரத்தன்மை உள்ள மண்ணில் செய்யாது. தமிழ்நாட்டில் காரத்தன்மை உள்ள நிலம் நிறையவே இருக்கிறது. எனவே எந்த மண், எந்தப் பயிர், என்ன அளவு என்பதை வேளாண் பல்கலைக்கழகம் வயலில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். மேலே சொன்ன 'கால்வாசி' என்பது, பாஸ்பரஸைக் கசடுக்குள் இழுத்துவைக்கும் சிறப்பு நுண்ணுயிர் முறை உள்ள நிலையங்களில்தான் சுலபம். சாதாரண முறையில் இயங்கும் நிலையங்களில் இது குறையும்.

யாரும் கேட்காததை யாரும் செய்ய மாட்டார்கள்

என் பார்வையில், மேலே சொன்ன நான்கையும்விடப் பெரிய தடை வேறு. நம்முடைய சுத்திகரிப்பு நிலையங்களிடம் பாஸ்பரஸை எடுக்கச் சொல்லி யாரும் கறாராகக் கேட்டதே இல்லை.

2017-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வெளியிட்ட வரம்புகளில் பாஸ்பரஸுக்கு இடமில்லை. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற வரம்பைச் சொன்னது. தீர்ப்பில் இருக்கும் எண், நிலையத்தை நடத்தும் ஒப்பந்ததாரரின் ஒப்பந்தத்தில் எழுதப்படும்வரை அது வெறும் எண்தான்.

ஜெர்மனி என்ன செய்தது என்று பாருங்கள். 2017-ல் கொண்டுவந்த கசடு விதிகளில், ஒரு லட்சம் பேருக்கு மேல் சேவை செய்யும் நிலையங்கள் 2029 முதல் பாஸ்பரஸை மீட்டே ஆக வேண்டும் என்றார்கள். ஐம்பதாயிரம் பேருக்கு மேல் என்றால் 2032 முதல். பன்னிரண்டு வருஷம் முன்னாடியே தேதி குறித்துவிட்டதால், அங்கே நிறுவனங்களும் நகராட்சிகளும் தயாராக வேண்டிய கட்டாயம் வந்தது.

நம்மிடம் அனுபவமே இல்லை என்றும் சொல்ல முடியாது. திருச்சி மாவட்டம் முசிறியில் 2000-களிலேயே சிறுநீரைத் தனியாகச் சேகரிக்கும் பொதுக் கழிப்பறை வந்தது. பயன்படுத்தியவர்களுக்குச் சிறு தொகைகூடக் கொடுத்தார்கள். அந்தச் சிறுநீர் பயிருக்குப் போனது. "கழிவிலிருந்து உரமா, சீச்சீ!" என்று நம் மக்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பவர்களுக்கு முசிறி ஒரு பதில்.

இப்போது செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, பேரூர் ஆலையைக் கட்டும்போதே பிரைன் வெளியேறும் குழாயில் ஒரு கிளைக் குழாயும் வால்வும் வைக்கலாம். பின்னாடி இடித்து மாற்றுவதைவிட இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. மெக்னீசியம் பிரிக்கும் சிறிய அலகு ஒன்றைப் பிற்பாடு பொருத்த அது வழி விடும்.

இரண்டாவது, ஏதாவது ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில், பயோகேஸ் எடுக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு சோதனை அலகு. ஒரு வருஷம் ஓட்டி, கிடைத்த உரம் எவ்வளவு, அதன் தரம் என்ன, ஆன செலவு என்ன, குழாய் அடைப்பு எவ்வளவு குறைந்தது என்ற நான்கு எண்களைப் பொதுவில் வைக்க வேண்டும். அதில் நஷ்டம் வந்தால் அந்த நஷ்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சந்தை. நம் நாட்டில் ஒரு பொருளை உரம் என்று விற்க, 1985-ன் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தர அளவுகோலுக்குள் அது வர வேண்டும். மூட்டையின் மேல் அந்த முத்திரை இல்லாவிட்டால் எந்தக் கூட்டுறவுச் சங்கமும் அதை வாங்கி அடுக்காது. இறக்குமதி உரத்துக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கை, மீட்டெடுத்த மணிச்சத்துக்கும் கொடுக்கலாம். எப்படியும் அந்தப் பணத்தை நாம் செலவு செய்துகொண்டுதான் இருக்கிறோம்.

நான்காவது, எல்லாவற்றுக்கும் மேலாக, புதிதாகப் போடும் ஒவ்வொரு சுத்திகரிப்பு நிலைய ஒப்பந்தத்திலும் பாஸ்பரஸுக்கு ஒரு வரம்பை எழுத வேண்டும். வரம்பு இருந்தால் அதை எடுக்கச் செலவு செய்தே ஆக வேண்டும். செலவு செய்து எடுத்ததைக் கசடோடு கொட்டுவதா, மூட்டை கட்டி விற்பதா என்ற கேள்வி அப்போதுதான் வரும். ஆறு லாரி பிரைனுக்கு மதிப்பு வருவதும் அப்போதுதான்.

கடல்நீர் ஆலையையும் சுத்திகரிப்பு நிலையத்தையும் வெவ்வேறு துறைகள் நடத்தும் ஊர்களில், இரண்டு தரப்பையும் ஒரே மேஜையில் உட்காரவைப்பதே பெரும்பாடு. சென்னையில் அந்தச் சாக்கு இல்லை. அதனால் இந்தச் சோதனையை முதலில் செய்து பார்க்க வேண்டிய ஊரும் சென்னைதான்.